எட்டு நாளில் ஐந்து நகரங்கள்

ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு முதலில் வேண்டியது நல்ல சப்பாத்து. மற்றதெல்லாம் பிறகுதான். கல்யாணமான வருஷமே நானும் என் கணவர் திருச்செல்வமும் அதைக் கற்றுக்கொண்டோம். பேங்காக்கில் ரப்பர் செருப்போடு கோயில் கோயிலாக ஓடி, இரண்டாம் நாளே அவருக்குக் கால் கொப்பளித்துவிட்டது. அப்படியும் ஓர் இடத்தைக்கூட விடவில்லை.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள், மிஸ் ஷர்மினி. அவர் போட்டிருக்கும் விவாகரத்து வழக்கில் நீங்கள் எனக்காகப் பேச வேண்டுமென்றால், நாங்கள் எப்படிப் பயணம் போவோம் என்பது முதலில் தெரிய வேண்டும்.

அவருக்குச் சிங்கப்பூரில் மெஷின் பழுது பார்க்கும் வேலை. விடிவதற்கு முன்னே ஜொகூர் பாருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து போய், இருட்டியபின் திரும்புவார். நான் உலு திராமில் கட்டில், மேசை விற்கும் ஒரு தளபாடக் கடையில் கணக்கு பார்க்கிறேன். பிள்ளைகள் இல்லை. வருஷம் முழுக்க அந்தப் பாலத்தில் புகை குடித்தவருக்கு லீவு கிடைப்பதே பெரிய காரியம். அதை வீணாக்கலாமா? ஆகவே நான் திட்டம் போடுவேன், அவர் பையைத் தூக்குவார். ஓரிடத்தில் இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டால் அந்த ஊரில் குடியேறிவிட்டோம் என்று அர்த்தம் என்பார் சிரித்துக்கொண்டே. பேங்காக் டுக்டுக்கில் கைப்பேசியைத் தொலைத்தாரே, அதிலிருந்து பயணத்தில் எங்கள் இரண்டு கைப்பேசிகளும் என் கைப்பையில்தான் இருக்கும். படம் எடுப்பதும் நான்தான்.

என் மாமியாரைக் குறை சொல்ல நான் வரவில்லை. குளுவாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, தனியாளாக இரண்டு பிள்ளைகளை ஆளாக்கியவர். குளுவாங்கிலேயே மகள் செல்வராணி அக்காவோடு இருந்தார். ஆனால் அத்தையின் உடம்புக்கு எங்கள் பயணத் தேதி எப்படியோ தெரிந்துவிடும். பாலிக்குப் புறப்பட்ட காலையில் ரத்த அழுத்தம் ஏறியது. பாதி வழியில் காரைத் திருப்பினோம். ஹனோயில் இறங்கிய மறுநாள் மூச்சு முட்டுகிறது என்று போன் வந்தது. அடித்துப் பிடித்துக் குளுவாங்குக்கு ஓடினால், அத்தை தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏன்பா, அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றார். இவருக்கு அம்மாவைப் பார்த்த சந்தோஷம். நான் ஹனோய் ஏரியைப் பார்க்கவே இல்லை.

இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

இந்த முறை ஐரோப்பா. பிராகா, வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், சாக்ரெப். அவர் ஐம்பதைத் தொடுகிற வருஷம். பிராகாவின் கல் பாலத்தில் ஏறியதும் சின்னப் பிள்ளைபோல ஆகிவிட்டார். சிலை சிலையாகத் தொட்டுப் பார்த்தார். நம்ம பாலத்தில் இப்படி ஒரு சிலை வைத்திருந்தால் ஜாமில் நிற்கும்போது கும்பிடவாவது ஆகும் என்றார். நான் படம் எடுக்க அவருடைய கைப்பேசியை எடுத்தபோது, அதில் அக்காவின் குரல்செய்தி வந்திருந்தது. காதோரம் வைத்துக் கேட்டேன்.

"தம்பி, அம்மாவுக்கு ரொம்ப முடியலப்பா. கதவையே பாத்துகிட்டு இருக்காங்க. எப்படியாவது வந்துடு."

அவர் ஒரு சிலைக்குக் கீழே நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். படத்தை எடுத்தேன். பிறகு அவர் பெயரில் அக்காவுக்குப் பதில் எழுதினேன்: "டிக்கெட் மாத்திட்டேன்கா. துபாய் வழியா வர்றேன். அம்மாகிட்ட சொல்லு."

நன்றாக யோசித்துத்தான் எழுதினேன். அங்கிருந்து குளுவாங் எவ்வளவு தூரம்? இவர் புறப்பட்டாலும் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கலாம். இல்லை, மறுபடியும் தோசையாக இருக்கலாம். மகன் வருகிறான் என்று நினைத்தால் அந்த அம்மாவுக்கும் தெம்பு. இங்கே இவருக்கும் சந்தோஷம். ஒரு வரியில் இரண்டு பேருக்கு நிம்மதி.

அதன்பின் அக்கா விடாமல் கூப்பிட்டார். சிக்னல் சரியில்லை என்று எழுதினேன். துபாயில் இறங்கிவிட்டதாக எழுதுவதற்கு முன், நிஜமாகவே அந்த நேரத்துக்கு ஒரு விமானம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

அம்மாவிடம் பேச வேண்டும் என்று அவர் கேட்காமல் இல்லை. மாலையில் கேட்டால் அங்கே ஊர் அடங்கிவிட்டிருக்கும், தூங்குகிறவரை எழுப்ப வேண்டாம் என்பேன். காலையில் கேட்டால் ரயிலுக்கு ஓட வேண்டியிருக்கும். எதுவும் பொய்யில்லை. நேர வித்தியாசம் நான் உண்டாக்கியதா?

வியன்னாவில் மஞ்சள் அரண்மனைத் தோட்டத்தில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அத்தை இறந்த செய்தி வந்தது. துபாயிலிருந்து தம்பி வந்துகொண்டிருக்கிறான் என்று சொன்னபோது தலையை ஆட்டினாராம். அதற்குப் பிறகு கண்ணைத் திறக்கவில்லையாம். நல்ல சாவு என்றுதான் சொல்வேன். தம்பி வரும்வரை உடலை வைத்திருக்கிறோம், எந்த விமானம் என்று மட்டும் சொல் என்று அக்கா கேட்டிருந்தார். தகனத்தைத் தள்ளிப்போட்டால் எல்லாருக்கும் சிரமம். ஆகவே விமானம் ரத்தாகிவிட்டது, எப்போது கிளம்பும் என்று தெரியவில்லை, காத்திருக்க வேண்டாம், சித்தப்பா மகன் தங்கராஜு கொள்ளி வைக்கட்டும் என்று எழுதினேன். அவர் எழுதுகிற மாதிரியே எழுதினேன். மகனாக ஓர் அழுகை வேண்டும் என்று தோன்றியது. அதையும் இரண்டு வரி சேர்த்தேன்.

"யாரு சாந்தினி, ஆபீசா?" என்று கேட்டார், ஐஸ்கிரீமை வழித்துக்கொண்டே.

"ஆமாங்க. நீங்க சாப்பிடுங்க."

புடாபெஸ்டில் ஒரு பழைய மார்க்கெட். அவர் அம்மாவுக்கு ஒரு சால்வை வாங்கினார். நீலமா, சாம்பலா என்று குழம்பி நின்றார். வயதானவர்கள் சாம்பல் நிறம் போட்டால் முகம் வாடித் தெரியும், நீலமே எடுங்கள் என்றேன். குளுவாங்கில் அன்றைக்குத்தான் எலும்பு பொறுக்கிக் கரைக்கப் போயிருந்தார்கள். கடைக்காரப் பெண்ணிடம் இவர், மை மதர், மை மதர் என்று சொல்ல, அவள் அழகான தாளில் சுற்றிக் கொடுத்தாள். அந்தப் படம் என்னிடம் இருக்கிறது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மறைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்து முடித்தபின் சொல்லலாம் என்றுதான் வைத்திருந்தேன். திரும்பி வரும் விமானத்தில், சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனபின், அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். என்றைக்கு, எந்த நேரம், நான் என்ன எழுதினேன் என்று எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கைப்பேசியையும் கொடுத்தேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அக்காவின் குரல்செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"அம்மாவுக்கு யாரு கொள்ளி வச்சா?"

"தங்கராஜு."

கையை மெதுவாக உருவிக்கொண்டார். ஜொகூர் பாரு வந்ததும் பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, சால்வைப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு குளுவாங் டாக்சியில் ஏறினார். அதன்பின் வீட்டுக்கு வரவில்லை. உங்கள் மேசையில் இருக்கும் மனுதான் வந்தது.

எதிர்த்தரப்பு கேட்கக்கூடியது வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டீர்கள். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. உங்களிடம் சொல்வதில் தப்பில்லை.

அக்காவின் முதல் அழைப்பு பிராகாவில் வந்ததல்ல. சிங்கப்பூர் விமான நிலையத்தில் வந்தது. விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் கை கழுவப் போயிருந்தார். என் முன்னால் இனிப்புத் தடவிய காயா ரொட்டி. அவருடைய கைப்பேசி அடித்தது, நான்தான் எடுத்தேன்.

"சாந்தினி, டாக்டர் கைய விரிச்சிட்டாரு. ரெண்டு நாள் தாங்குனா பெருசுங்கறாரு. தம்பிய உடனே வரச் சொல்லும்மா. அவன் பேரைத்தான் சொல்லிகிட்டு இருக்காங்க."

"ஏறிட்டோம்கா, கதவ மூடிட்டாங்க. எறங்கினதும் சொல்றேன்," என்றேன். அக்கா இன்றுவரை அதைத்தான் நம்புகிறார்.

அங்கிருந்து டாக்சி பிடித்திருந்தால், பாலத்தில் எவ்வளவு ஜாம் இருந்தாலும், பொழுது சாய்வதற்குள் குளுவாங்கில் இருந்திருப்பார். அத்தைக்கு அப்போது நல்ல நினைவிருந்தது, பேசிக்கொண்டுதான் இருந்தார். அது எனக்குத் தெரியும். அக்காவுக்குப் பின்னால் அவருடைய குரல் எனக்குக் கேட்டது.

அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "யாரு?" என்றார். ராங் நம்பர் என்றேன். பாதி ரொட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

வேறு என்ன செய்வது, மிஸ் ஷர்மினி? பெட்டிகளையெல்லாம் விமானத்துக்கு அனுப்பியாகிவிட்டதே.