மஹ்ரூப் நானாவின் அடிதடிப் பெட்டி

மாலை ஏழரை மணி. பதுளையில் இருந்து ஸ்பிரிங்வெளிக்கு ஏறும் ரோட்டில் கடைசி பஸ்ஸும் போய்விட்டது. மழை விட்டு, பனி இறங்கி, முன்னால் போகிறவன் முதுகுகூடத் தெரியாத நேரம்... அந்த நேரத்தில் ஒரு பெண் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்து தனியாக இறங்கி வந்தாள். கையில் டார்ச் கிடையாது. அண்ணன் செத்துப் பன்னிரண்டு நாள்.

ஏய், யார் அங்கே சிரிக்கிறது? சிரிக்கிறவன் போய்க் கதவுப் பக்கம் உட்கார். இது நான் கட்டின கதை இல்லை. என் கூட்டாளி ஸகீனாவின் மாமா மஹ்ரூப் கண்ணால் பார்த்தது. தோட்டத்துப் பேரை மட்டும் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

அந்த ரோட்டு வளைவில் மஹ்ரூப் நானாவுக்குத் தேத்தண்ணிக் கடை. பின் அறையில் ஒரு கேம் பெட்டி. ஆள் உயரம், முன்னால் கண்ணாடி, இரண்டு கைப்பிடி. இரண்டு பேர் அடித்துக்கொள்ளும் விளையாட்டு. தோற்கிறவன் தள்ளாடுவான். உடனே 'முடித்துவிடு' என்று இங்லீசில் சிவப்பு எழுத்து வரும், ஒன்பதில் இருந்து எண்ணும். அதற்குள் பொத்தானை அமுக்கினால் அவன் நெஞ்சைக் கிழித்து இருதயத்தைக் கையில் எடுக்கலாம். அமுக்காவிட்டால் அவனுக்கு மூச்சு திரும்பும், மறுபடி அடிக்க வருவான். பிள்ளைகள் கெடுகிறார்கள் என்று கோயில் கமிட்டியும் பள்ளிவாசல்காரர்களும் சேர்ந்து வந்து சத்தம் போட்டார்கள். வேறு எதற்கும் சேராதவர்கள்! நானா ஆறு மாதம் சாக்குப் போட்டு மூடி வைத்தார், பிறகு எடுத்துவிட்டார். பெட்டி வந்து இருபது வருசமாகிறது. ஆளுக்கொரு போன் வந்த பிறகும் அதை ஆடத்தான் கூட்டம்.

அங்கே ஒரு வழக்கம். ஆட்டத்துக்குக் கூப்பிடுவதென்றால், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் கணக்கப்பிள்ளை பேர் வாசிக்கிற மாதிரி இழுத்துக் கூப்பிட வேண்டும். பெரட்டில் முதல் கூப்பாட்டுக்கே 'வந்தேங்க' என்று சொல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, தெரியும்தானே. தூக்கத்தில் கூப்பிட்டாலும் நம் வாய் சொல்லும். அதே பதிலோடு வந்து கைப்பிடியைப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது கைப்பிடி அழகருடையது, அந்தப் பெண்ணின் அண்ணன். அவன் தோற்றதே இல்லை. ஆனால் ஒருவனையும் முடித்ததும் இல்லை. சிவப்பு எழுத்து வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். "முடிடா, முடிடா" என்று கூட்டம் கத்தும். "பெட்டி சொன்னா நான் செய்யணுமா?" என்பான். திரும்ப வந்தால் திரும்ப அடிப்பான், அவ்வளவுதான். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

கொழுந்து லொறி பள்ளத்தில் புரண்டு அழகர் போய்ச் சேர்ந்தான். ஓட்டின ரமேஸுக்கு ஒரு கீறல் இல்லை. "அந்த ரத்த விளையாட்ட ஆடி ஆடி அவனுக்குப் பித்துப் புடிச்சிருச்சு, ஓட்டிக்கிட்டு இருக்கிறப்பவே என்னை அடிச்சான்" என்றான். தோட்டமே நம்பியது. செத்த வீட்டுக்குள்ளேயே அதைப் பேசினார்கள். தங்கச்சி ஜீவராணிக்கு வயிறு எரிந்தது. அண்ணன்தான் போனான், அவன் பேரையுமா புதைப்பது?

அந்தப் பன்னிரண்டாம் நாள் அவள் கடைக்குள் நுழைந்தபோது ரமேஸ் பெட்டி முன்னால் நின்று தனியாக ஆடிக்கொண்டிருந்தான். முதல் கைப்பிடியில். மழைக்கு வேறு யாரும் வரவில்லை.

"ரமேஸண்ணே, எங்கண்ணன் ஒருத்தனையாச்சும் முடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

"வீட்டுக்குப் போம்மா."

"போறேன். அவனையே கேட்டுட்டுப் போறேன்."

நானா பதறிவிட்டார். "வாணாம் தங்கச்சி, இன்னம் கருமாதி முடியல்ல. பேரச் சொல்லிக் கூப்புடாத."

"கூப்புடுவேன் நானா. என்ன செஞ்சிருவான்? என் அண்ணன்தானே!"

கூப்பிட்டாள். பெரட்டில் கூப்பிடுகிற மாதிரியே. "அழகர்...!"

கூரைத் தகரத்தில் இருந்து தண்ணீர் சொட்டியது. டொக்... டொக்... பிறகு ஒரு வாசம். ஈரச் சாக்கும் பச்சைக் கொழுந்தும் சேர்ந்து லொறித் தட்டில் அடிக்குமே, அது. பிறகு, மெதுவாக...

"வந்தேங்க."

இரண்டாவது கைப்பிடி தானாக அசைந்தது. கட... கட... கட... ரமேஸால் கையை எடுக்க முடியவில்லை. முப்பது எண்ணுவதற்குள் அவனுடைய ஆள் தள்ளாடினான். சிவப்பு எழுத்து வந்தது. ஒன்பது... எட்டு... ஏழு... இரண்டாவது கைப்பிடி அப்படியே நின்றது. கண்ணாடிக்குள் அழகரின் ஆள் கையைக் கட்டிக்கொண்டான். அந்த விளையாட்டில் கையைக் கட்ட வழியே இல்லை என்று நானா சத்தியம் செய்கிறார்.

ஜீவராணி அழவில்லை. "நல்லாப் பாத்துக்கங்க" என்றாள்.

ரமேஸுக்கு வெறி வந்துவிட்டது. "லொறியிலயும் இப்படித்தான்டா கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்த! 'குடிச்சிருக்கீங்க, நிப்பாட்டுங்க'ன்னு எனக்கே புத்தி சொன்ன!" என்று கத்திக்கொண்டே எல்லாப் பொத்தானையும் அடித்தான். அவனுடைய ஆளுக்கு மூச்சு திரும்பியிருந்தது. சும்மா நின்றவனின் நெஞ்சை அவன் கிழித்தான். கண்ணாடி முழுக்கச் சிவப்பு.

அப்போதுதான் பெட்டிக்குள் இருந்து மறுபடி அந்தக் குரல். பெரட்டுக் குரல். இழுத்து... "ரமேஸ்...!"

பதினைந்து வருசப் பழக்கம். அவன் யோசிக்கவே இல்லை. "வந்தேங்க."

பெட்டி அணைந்தது. ரமேஸ் சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே போனான். நானா பெட்டியின் வயரைப் பிடுங்கிச் சுற்றி மேலே வைத்தார். ஜீவராணி அவரை விடவில்லை. "அவரு வாயால சொன்னத நீங்களும் கேட்டீங்கதானே? காலையில பெரட்டுக்கு வந்து சொல்லுங்க நானா."

விடிந்தது. பெரட்டில் அத்தனை பேர் முன்னால் அவளே முதலில் சொன்னாள், குரல் உடையாமல். கணக்கப்பிள்ளை ரமேஸைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று தடவை. கூட்டத்தில்தான் நின்றான். மூன்று தடவையும் வாயைத் திறந்தான்... சத்தம் வரவில்லை.

அதே நேரம் கீழே, பெரட்டுக்குக் கிளம்பின நானா கடைக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். உள்ளே, வயர் பிடுங்கின பெட்டிக்குள் இருந்து ரமேஸின் குரல் மூன்று தடவை கேட்டது.

"வந்தேங்க... வந்தேங்க... வந்தேங்க..."