மணி அடிக்கும் கை

பாஞ்சாலி: அந்த முனைய நீ புடி சார். நான் இப்டிக்கா தள்றேன்.

சண்முகசுந்தரம்: காலையிலேர்ந்து எல்லா முனையும் நான்தான் புடிக்கேன், பாஞ்சாலிம்மா. பி.டி. மாஸ்டர்னா பெஞ்சு தூக்கத்தான் சம்பளமா?

பாஞ்சாலி: வேற இன்னாத்துக்கு? இந்தக் கொரோனா வந்ததுலேர்ந்து ஒரு நாளாவது விசில் ஊதுனியா நீ?

சண்முகசுந்தரம்: ஊதினேனே. ஆன்லைன் கிளாஸ்ல. ஒம்பதாங்கிளாஸ் பையனோட அம்மா வந்து, குக்கர் சத்தம்னு நெனச்சு அடுப்ப அணைச்சுட்டேன்னு திட்டினாங்க.

பாஞ்சாலி: நல்லா வேணும் உனுக்கு... ஒரு பெஞ்சுக்கு ரெண்டு பேரு. நடுவுல சாக்பீஸ்ல கோடு போடணுமாம். அதையும் நீயே போட்டுடு சார்.

சண்முகசுந்தரம்: அதுவும் நானா? ஆமா, இன்னிக்கு என்ன ஒரு கைய மடக்கியே வச்சிருக்கீங்க?

பாஞ்சாலி: சுளுக்கு. நேத்து வூட்ல பக்கெட்டு தூக்கினேன்...

சண்முகசுந்தரம்: நாளைக்கு எட்டரைக்கு மணி அடிக்கணும். மார்ச்சுலேர்ந்து அடிக்காத மணி. அந்தத் தண்டவாளத் துண்ட தொடச்சீங்களா?

பாஞ்சாலி: தொடச்சாச்சு. சுத்தியலையும் கழுவி வெச்சிட்டேன்.

சண்முகசுந்தரம்: ஒரே ஒரு தடவ என்னை அடிக்க விடுங்கன்னு ஒம்பது வருசமா கேக்கேன். அந்தச் சுத்தியலத் தொட விட மாட்டேங்கீங்க.

பாஞ்சாலி: நீ அடிச்சா வெளையாட்டு பீரியடுன்னு எல்லாம் வெளிய ஓடிப்பூடும். அதுவுமில்லாம, பீச்சாங்கையால அடிச்சாத்தான் அது நல்லா கணீர்னு கேக்கும். எனுக்கு அந்தக் கைதான் வாக்கு. உனுக்கு வராது.

சண்முகசுந்தரம்: வராதுதான்... ஆனா நாளைக்கு நம்ம ரெண்டு பேரையும் கேட்டுக்குள்ள விட்டாத்தானே மணி.

பாஞ்சாலி: ஊசி லிஸ்ட்டு இன்னும் போவலியா?

சண்முகசுந்தரம்: நாலு மணிக்குப் போகுது. ஊசி போடாதவங்க டீச்சரோ ஆயாம்மாவோ வாட்ச்மேனோ, யாரா இருந்தாலும் நாளைக்கு வெளியத்தான். முப்பத்தொரு பேர்ல ரெண்டு பேரு பாக்கி. நீங்க, அப்புறம் நான்.

பாஞ்சாலி: எனுக்காவது ஒரு காரணம் கீது. உனுக்கு இன்னா சார்? படிச்சவரு. ஒடம்பு தூணு மாதிரி கீது.

சண்முகசுந்தரம்: பயம்.

பாஞ்சாலி: ஊசிக்கா? பசங்க முட்டிய பேத்துகினு வந்தா நீதான டிஞ்சர் ஊத்துவ.

சண்முகசுந்தரம்: ஊத்துறது வேற, குத்திக்கிறது வேற.

பாஞ்சாலி: போய் போட்டுக்க சார். இங்க மார்க்கெட்டாண்டயே முகாம் போட்டுக்கீறாங்கோ. கூட்டமே இல்ல. பத்து நிமிசம்தான்.

சண்முகசுந்தரம்: கூட்டம் இல்லன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

பாஞ்சாலி: ...பஸ்ஸுலேர்ந்து பாத்தேன்.

சண்முகசுந்தரம்: நீங்க போட்டா நானும் போடுறேன். நீங்க வெளிய நின்னா நானும் வெளியத்தான்.

பாஞ்சாலி: நான் போட்டுகினா நீ கண்டிப்பா போடுவியா? உம் புள்ள மேல சத்தியம் பண்ணு.

சண்முகசுந்தரம்: சத்தியமெல்லாம் எதுக்கு...

பாஞ்சாலி: பாத்தியா, நழுவுற. வேல பூட்ச்சினா இன்னா பண்ணுவ?

சண்முகசுந்தரம்: தி.நகர்ல எங்கண்ணன் துணிக்கட இருக்கு. விசில் ஊதிச் சேல விப்பேன். எனக்கென்ன... உங்களத்தான் சொல்லணும். ஆத்தங்கரைக் குடிசைய இடிச்சுப் பெரும்பாக்கத்துக்குத் தூக்கிப் போட்டப்பவும் இந்த வேலைய விடாம ரெண்டு பஸ் மாறி வாறீங்க. பர்மனென்ட்டும் கிடையாது. உங்கள வேணாம்னா ஏன்னு கேக்க ஆள் இல்ல. அதான்...

பாஞ்சாலி: அதான்னா?

சண்முகசுந்தரம்: ஒண்ணுமில்ல. ஹெச்.எம். வாறாங்க, மாஸ்க மேல ஏத்துங்க.

ஜோதிலட்சுமி: ரெண்டு பேரும் இங்கதான் இருக்கீங்களா? மணி மூணேகால் ஆச்சு. லிஸ்ட்ல ரெண்டு கட்டம் காலியா இருக்கு.

சண்முகசுந்தரம்: போடலன்னு எழுதிடுங்க மேடம். ரெண்டு பேருக்கும்.

ஜோதிலட்சுமி: காலையில மீட்டிங்ல அரை மணி நேரம் எதிர்த்துப் பேசினீங்க, கட்டாயப்படுத்துறது தப்புன்னு. எல்லார் முன்னாடியும் நான் பதில் சொல்லல. இப்ப சொல்லட்டுமா சார்?

சண்முகசுந்தரம்: சொல்லுங்க.

ஜோதிலட்சுமி: நாளைக்கு வர்ற பிள்ளைங்க ஒருத்தருக்கும் ஊசி கிடையாது. பதினெட்டு வயசு ஆகல. போடுறதா வேணாமான்னு அவங்களை யாரும் கேக்கப்போறதில்ல. அவங்க பக்கத்துல நிக்கப்போறது நாமதான். மே மாசம் ஷீலா டீச்சர் போனாங்க... அவங்க நாற்காலிய இன்னும் ஒருத்தரும் நகத்தல. நானும்தான். ஒரு பிள்ளை நம்ம கிட்டேருந்து வாங்கிட்டுப் போய் வீட்ல யாருக்காவது குடுத்துட்டா, அப்புறம் என்ன பேசி என்ன சார்?

சண்முகசுந்தரம்: ஊசி வேணாம்னு நான் சொல்லல மேடம். ஒருத்தர் பயந்துபோய் நிக்காங்க. என்ன பயம்னு ஒரு வார்த்தை கேக்காம, நாலு மணிக்குள்ள சர்டிபிகேட், இல்லன்னா வெளியன்னா? பயம் போகாது மேடம், பொய் சர்டிபிகேட்தான் வரும். பக்கத்துல உக்காந்து ரெண்டு நாள் பேசலாம்லா.

ஜோதிலட்சுமி: பேசியிருக்கணும். அது என் தப்புதான். பெஞ்சு, சானிடைசர், தெர்மாமீட்டர்னு ஓடிட்டு இருந்தேன்... ஆனா சார், பயந்து நிக்கிறது ஒருத்தர்தான்.

சண்முகசுந்தரம்: ரெண்டு பேரு மேடம்.

ஜோதிலட்சுமி: ஏப்ரல்ல எலெக்‌ஷன் டியூட்டிக்குத் திருவான்மியூர் பூத்துக்குப் போனீங்களே. போறதுக்கு முன்னாடி ஊசி போட்ட சீட்டு குடுத்தீங்க. மே மாசம் ரெண்டாவதுக்கும் குடுத்தீங்க. ரெண்டு காப்பியும் என் ஃபைல்ல இருக்கு.

பாஞ்சாலி: இன்னா சார் இது?

சண்முகசுந்தரம்: மேடம், இத இப்பப் போய்...

பாஞ்சாலி: ரெண்டையும் போட்டுகினா எங்கிட்ட பயம்னு கத வுட்ட?

சண்முகசுந்தரம்: அந்தக் கட்டத்துல நீங்க தனியா நிக்க வேணாம்னுதான்... ஒரு ஆயாம்மாவ வெளிய நிறுத்துறது சுளுவு. கூட ஒரு வாத்தியாரும் நின்னா கொஞ்சம் யோசிப்பாங்கன்னு நெனச்சேன்.

பாஞ்சாலி: லூசு சார் நீ. உன்ன எப்டி அங்க இட்டுகினு போறதுன்னு நான் காலையிலேர்ந்து மண்டைய ஒடச்சிகினு கீறேன்.

சண்முகசுந்தரம்: என்னையா?

ஜோதிலட்சுமி: தெரிஞ்சும் பேசாம இருந்தேன் சார். இவங்களுக்காகத்தான் நிக்கிறீங்கன்னு புரிஞ்சது, கலைக்க மனசு வரல. பாஞ்சாலி, உன் கட்டத்த நாளைக்குக் காலை வரைக்கும் காலியாவே விடுறேன். கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். ஆனா உன் பயம் என்னன்னு இப்ப சொல்லு.

பாஞ்சாலி: ...ஜூன்ல எங்க வூட்டுக்காரர நான்தான் மேடம் கைய புடிச்சி ஊசிக்கு இட்டுகினு போனேன். வேணாண்டின்னாரு. திட்டித் திட்டி இட்டுகினு போனேன். மூணாம் நாளு அவுரு ஓட்டற ஆட்டோலயே உக்காந்த வாக்குல... டாக்டரு சொன்னாரு, இது பழைய அடைப்பும்மா, ஊசியால இல்லன்னு. மண்டையில ஏறல. நானே கொன்ட்டேன்னு கெடந்தேன்.

சண்முகசுந்தரம்: உக்காருங்க பாஞ்சாலிம்மா.

பாஞ்சாலி: இரு சார், சொல்லிடறேன். என் தம்பி ஓட்டறேன்னு கேட்டான்னு ஞாயித்துக்கெழம அந்த ஆட்டோவ கழுவுனேன். சீட்ட தூக்கினா, அடியில ஒரு பை. பை நெறைய கேஸ் மாத்திர அட்ட. எல்லாம் காலி. பில்லு ஒண்ணு கெடந்துச்சு, பக்கத்து வூட்டுப் பொண்ணு படிச்சி சொல்லிச்சு. ஜனவரி மாசத்துது.

ஜோதிலட்சுமி: ஜனவரியா? அப்ப ஊசிக்கு முன்னாடியே...

பாஞ்சாலி: ஆமா மேடம். அஞ்சு மாசமா நெஞ்சு வலிச்சிக்கீது. கேஸுன்னு நெனச்சி முழுங்கிகினே வண்டி ஓட்டிக்கீறாரு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. அந்தப் பைய மடியில வெச்சிகினுதான் அயுதேன். அவுரு போனதுக்கப்புறம் மொத வாட்டி... டாக்டரு நெசத்ததான் சொல்லிக்கீறாரு. நான் ஒண்ணும் பண்ணல அவுர.

சண்முகசுந்தரம்: நீங்க ஒண்ணும் பண்ணல.

ஜோதிலட்சுமி: அப்ப வண்டிய எடுக்கட்டுமா பாஞ்சாலி? முகாம் அஞ்சு மணி வரைக்கும் இருக்கும். நான் பக்கத்துலயே நிக்கிறேன்.

சண்முகசுந்தரம்: நானும் வாறேன். முடிச்சுட்டு வந்துட்டா, நாளைக்கு எட்டரைக்கு நீங்கதான் மணி அடிக்கணும்.

பாஞ்சாலி: வண்டிலாம் வேணாம் மேடம். சொன்னா சார் தனியா நிப்பாரேன்னு வாய மூடிகினு இருந்தேன்... நாளைக்கு ஒரு நாள் மட்டும் மணிய அவுரே அடிக்கட்டும். நேத்து முகாம்ல அந்த நர்சம்மா ஊசிய பீச்சாங்கையிலயே போட்டுட்டா. தூக்க முடியல.