கண்ணைக் கடைசியில் வைப்பேன்

உங்கள் ஃபோன் முகப்பில் இருக்கிற நாய்க்குட்டி நல்ல வடிவு. மேசையில் அதை வைத்தபோது கவனித்தேன். படம் பிடித்தவர் வெளிச்சத்தைப் பின்னால் விட்டுவிட்டார், அதனால் கண் இரண்டும் வெறும் மைப்பொட்டாகிவிட்டன. ஃபோனில் எடுக்கிற படங்களுக்கு அநேகமாக இந்தக் குறை உண்டு. நான் செய்தது விளங்க வேண்டுமென்றால் முதலில் இது விளங்க வேண்டும்.

தாளும் பேனையும் தந்து, ஆறுதலாக எழுது என்றீர்கள். நன்றி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஒழுங்காக எழுதுகிறேன்.

நான் சுகிர்தன். ஆறு வருடம் கோயில் கோபுரங்களுக்கு வர்ணம் பூசியவன். எங்கள் வேலையில் கண்ணைக் கடைசியில்தான் வைப்போம். உடம்பு, உடுப்பு, நகை, ஆயுதம் எல்லாம் முடித்து, நாள் பார்த்துத்தான் கண் திறப்பது. அதுவரைக்கும் அது சீமெந்து. திறக்கிற நேரம் முன்னால் ஒரு கண்ணாடி பிடிப்பார்கள். முதல் பார்வை மனிதரில் விழக்கூடாது, கண்ணாடியில் விழ வேண்டும் என்பது முறை. என் கை நடுங்காது என்பதால் கண்ணாடியைப் பெரும்பாலும் என்னிடம்தான் தருவார்கள்.

கோபுரத்துச் சாரத்திலிருந்து விழுந்து முழங்கால் பழுதான பிறகு உயரத்தில் ஏற ஏலாமல் போனது. அந்த நேரத்தில்தான் இரத்தினசிங்கம் ஐயா கூப்பிட்டு அனுப்பினார். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி இறந்துவிட்டார், மகன் வெளிநாட்டில், ரொறன்ரோவில். ஓர்ஸ் ஹில் மேட்டில் துறைமுகத்துக் கப்பல்கள் தெரிகிற வீடு. அதில் அவரும் டைகர் என்கிற கிழட்டு அல்சேஷன் நாயும்தான். டைகருக்குப் பின்னங்கால்கள் இரண்டும் வழங்காது. அதன் தலையை நாலடிக் கன்வஸில் பெரிதாகக் கீறித் தரச் சொன்னார். வளர்ப்புப் பிராணிக்குப் படம் கீறியது எனக்கு அதுதான் முதல் தடவை.

இரண்டு கிழமையில் கண் தவிர எல்லாம் முடிந்துவிட்டது. ஐயா தேத்தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்று பார்ப்பார்.

"மூக்கில ஈரம் கூட வந்திட்டுது. கண்ணை மட்டும் ஏன் தம்பி விட்டிட்டீர்?"

"கடைசியாத்தான் வைப்பன் ஐயா. கோயில்ல பழகினது."

"ஓம், வையும், வையும். இவனும் எழும்பி ஓடப் போறதில்லைத்தானே."

மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் துடைத்தேன். கண்ணாடிக் குண்டு மாதிரி வந்தது. டைகர் பகல் முழுக்க நித்திரை. விழித்தாலும் சும்மா பார்க்கும். சும்மா பார்க்கிற கண்ணில் கீறுவதற்கு ஒன்றுமில்லை. ஒரு காலை ஐயா பாண் வாங்கப் போன நேரம், என் மடியில் தலையை வைத்தபடி டைகர் செத்துப்போனது. கடைசி நிமிடத்தில் அந்தக் கண்ணுக்குள் ஒன்று வந்தது. அகலத் திறந்து, முழு உயிரும் முன்னுக்கு வந்து நின்றது. மறக்கமுதல் எழுந்துபோய் அதை அப்படியே வைத்தேன். நான் கண்டதை மட்டும் கீறுகிறவன், சொந்தமாக எதையும் சேர்ப்பதில்லை.

ஐயா பாணோடு வந்து முதலில் பார்த்தது படத்தைத்தான். "டைகர் பாக்கிறான், தம்பி," என்றார். பிறகுதான் நிலத்தில் கிடந்த நாயைக் கண்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் அது சந்தோஷத்தில். ஆறு வருடம் கோபுரத்தில் செய்த எதுவும் ஒருவரை அப்படி அழவைத்ததில்லை.

அந்தப் படத்தை ஐயா ஃபேஸ்புக்கில் போட்டார். அதைப் பார்த்துவிட்டு நிவேதிகா என்கிற பிள்ளை பஞ்சு என்கிற தன் பூனையின் ஃபோட்டோவை அனுப்பினாள். அதை வைத்துக் கீறிக் கொடுத்தேன். "அண்ணா, கோவிக்காதேங்கோ, இது பஞ்சு இல்லை. ஏதோ ஒரு பூனை," என்றாள். உண்மையைச் சொன்னவளைக் கோவிக்க ஏலாது. கண்ணை நேரில் பார்த்து வைக்க வேண்டும், ஒருநாள் என்னிடம் விடுங்கள் என்றேன். கூடையில் கொண்டுவந்து தந்தாள். சாப்பிடப் பாலும் சோறும் கூட வைத்திருந்தாள்.

ஈரத் துவாயால் பூனையின் உடம்பைச் சுற்றிக்கொண்டேன், நகம் படாமல் இருக்க. கழுத்தை மெல்ல நெரித்தேன். கெதியாக நெரித்தால் கண் சிவந்துவிடும். நாலு நிமிடம் எடுத்தது. வாகனம் அடித்துவிட்டது என்று அவளிடம் சொன்னேன். நிவேதிகா படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "இதாவது கிடைச்சுதே அண்ணா," என்றாள். நான் அவளிடமிருந்து எடுத்ததை விடக் கொடுத்தது கூட என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு இன்னும் ஆறு பிராணிகள். அதில் சாம்பல்தீவிலிருந்து வந்த நாய் கொஞ்சம் பலமானது. என் முன்கையில் நீங்கள் பார்த்த தழும்பு அதன் பல். வாயைக் கயிற்றால் கட்டி, கழுத்தில் முழங்காலை வைத்து அமத்த வேண்டியிருந்தது. பழுதான முழங்கால் என்பதால் எனக்கும் நல்ல நோ. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு காரணம் சொன்னேன், பாம்பு, வலிப்பு, வாகனம் என்று. யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. உயிரோடு இருப்பதைப் படம் கீறினால் ஆயுள் குறையும் என்று எங்கள் சனத்துக்குள் ஒரு கதை உண்டல்லவா? பழியை அவர்கள் படத்தில் போட்டார்கள். போட்டுவிட்டு, அதே படத்தைச் சுவாமி அறைக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

இரண்டு வருடம் கழித்து ஐயா திரும்பவும் கூப்பிட்டார். படத்தில் டைகருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது, அதில் தன்னையும் கீறு என்றார். நான் வேண்டாம் என்றேன். நம்புங்கள், இரண்டு தடவை வேண்டாம் என்றேன். அந்த வீட்டில் எனக்கென்று ஒரு கோப்பை இருந்தது.

"ஆயுள் குறையும் எண்டு சனம் கதைக்குது ஐயா."

"எழுபத்தாறு வயசில குறைய என்ன கிடக்கு? கீறும்."

வழமைபோல கண்ணை விட்டுவிட்டு மற்றதெல்லாம் கீறினேன். கதிரையில் அசையாமல் இருப்பார், துறைமுகத்தில் கப்பல் ஊதினால் மட்டும் தலை தானாகத் திரும்பும். போன செவ்வாய்க்கிழமை பத்து மணியிருக்கும். மீசை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, பேப்பர் வாசிக்கிற பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு படத்துக்குக் கிட்டப் போனார். மீசையைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கண்ணாடி பக்கத்தில் இருந்த டைகரின் கண்ணுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"தம்பி, டைகரின்ர கண்ணுக்குள்ள ஆரோ நிக்கிறாங்கள்."

"அது நான்தான் ஐயா."

கண்ணில் விழுகிற வெளிச்சத்தை வைக்கும்போது, அதில் தெரிகிற யன்னலையும் யன்னலுக்கு முன்னால் இருக்கிற ஆளையும் சேர்த்துத்தான் வைப்பேன். கண்டதைக் கீறுகிறவன் வேறு என்ன செய்வது?

"உம்மட கை ரெண்டும் எங்க இருக்கு, சுகிர்தன்?"

அவர் மரியாதையாகக் கேட்டார், நானும் மரியாதையாகச் சொன்னேன். ஒரு கை டைகரின் வாயைப் பொத்தியிருக்கிறது, மற்றது மூக்கில். மடியில் தலையை வைத்தபடி செத்தது என்று முன்னே எழுதினேன். அது பொய்யில்லை, தலை என் மடியில்தான் இருந்தது.

ஐயா சத்தம் போடவில்லை. "அவன் இன்னும் ஒரு வருசம் இருந்திருப்பான். டொக்டர் சொன்னவர்," என்றார். பூதக்கண்ணாடியைக் கவனமாக மேசையில் வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு மாதமாக நான் காத்திருந்த கண் அது. அதைக் கொண்டு அவர் வாசலுக்குப் போகப் பார்த்தார்.

டைகரின் பழைய கம்பளி கதிரையில் கிடந்தது. கண்ணை மறைக்காமல் வாயையும் மூக்கையும் மட்டும் மூடினேன். படகில் கயிறு இழுத்த கை, வயது போனாலும் பலம் போகாது. என் கன்னத்தைக் கிழித்தார். கதிரையோடு இருவரும் விழுந்தோம், என் முழங்காலுக்குக் கீழே அவருடைய விலா முறிந்தது. எனக்கும் கேட்டது, அவருக்கும் கேட்டிருக்கும். டைகரை விட ஐயாவுக்குக் கனநேரம் எடுத்தது. முழு நேரமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மகன் போல பழகிவிட்டு என்று உங்கள் பொலிஸ் சார்ஜன் ஏசினார். நான் அழுததைச் சொன்னதற்கு, ஆடு நனையுதென்று ஓநாய் அழுத கதை என்றார். அவருக்குப் படம் கீறுகிற வேலை தெரியாது. ஐயாவை நான் கொன்றேன். டைகரையும் மற்ற ஏழு பிராணிகளையும் கொன்றேன். கையெழுத்து எங்கே என்று காட்டினால் வைத்துவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். படத்தில் ஐயாவின் கண்ணுக்குள் நிற்கிறவன் நான் என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறதாம். அது நான் இல்லை. உங்கள் ஆட்கள் கதவை உடைத்து வந்தபோது அந்தக் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஐந்தாம் தடவையாக வைத்துக்கொண்டிருந்தேன். ஐந்து தடவையும் அவன்தான் வந்து நின்றான், பல் தெரியச் சிரித்தபடி. நான் அன்றைக்கு அழுதுகொண்டல்லவா இருந்தேன்.