நாற்பத்தெட்டு கிலோ

விளக்கை அணைக்க வேண்டாம். இது ராத்திரியில் நடந்ததும் இல்லை. பட்டப்பகல், மதியம் ஒன்றரை மணி... ஈ காக்கை இல்லாத சாலை. அதில் தனியாக வண்டி ஓட்டிப் போனவர் என் நண்பனுடைய அக்கா வீட்டுக்காரர். வெல்டர்.

போனது ஒரு சிற்பத்தைப் பார்க்க. கண்ணும் மூக்கும் வைத்த சிலை என்று நினைக்காதீர்கள். இருபதடி இரும்பு உத்தரம், ஒரே ஒரு கல்லின் கூர்மேல் நிற்கும். இதோ விழப்போகிறேன் என்று பயமுறுத்தும், விழாது. ஒரு முனையில் இரும்புக் குண்டு, வால் முனையில் அதற்குச் சமமாக ஈயம். எவ்வளவு ஈயம் என்று அதை வடிவமைத்த சிற்பி அம்மா தாளில் கணக்குப் போடுவார், பற்றவைத்து நிறுத்துவது இவர். இவர் நம்பியது குச்சியைத்தான்.

குச்சி இவருடைய கூட்டாளி. நாற்பத்தெட்டு கிலோ, என்ன தின்றாலும் ஏறாது. அவனை வாலில் உட்காரவைத்துத்தான் சமநிலை பார்ப்பார்கள். வாயில் எப்போதும் இருமல் மிட்டாய், அதனால் பேசமாட்டான். குதிகாலால் இரும்பைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் 'இரு'. இரண்டு தட்டு என்றால் 'உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடு'.

ஒரு நாள் பட்டறையில் ஒரு தட்டுதான் கேட்டது. இவருக்கு வீட்டுக்குப் போகிற அவசரம். எடுத்துவிட்டார்... உத்தரம் புரண்டது. குச்சி அடியில், உயிர் அங்கேயே போய்விட்டது.

"அவனாத்தான் வழுக்கி விழுந்தான்" என்று எல்லாரிடமும் சொன்னார். குச்சியின் மனைவியிடமும் அதையேதான் சொன்னார், பாவி மனுஷன்.

மூன்று மாதம் கழித்து ஆளில்லாத ஒரு மைதானத்தில் அந்தச் சிற்பத்தை நிறுத்தினார்கள். மறுநாளே சிற்பி அம்மாவிடமிருந்து போன். "வால் பக்கம் தரையைத் தொடுது. வந்து பாருங்க."

போனார். முதலில் சொன்ன அந்த மதியம்தான், காற்றே இல்லை. குண்டுப் பக்கம் எடை ஏற்றினார். பத்து... இருபது... நாற்பது. அசையவில்லை. இன்னும் எட்டு வைத்ததும் உத்தரம் மெல்ல மட்டத்துக்கு வந்தது. அப்போதுதான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார். நாற்பத்தெட்டு. எங்கிருந்தோ இருமல் மிட்டாய் வாசனை...

டங்.

ஒரு தட்டு.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "நீ ஒரு தடவைதான்டா தட்டுன. நான்தான் எடுத்தேன். இறங்கிடுடா..."

டங்... டங்.

வால் விருட்டென்று மேலே போனது. இறங்கிவிட்டான். அவ்வளவுதான், விட்டது தொல்லை என்று வண்டியைக் கிளப்பினார். வழியில்தான் குச்சியின் வீடு. நிற்கவில்லை.

சாயங்காலம் நாலு வயது மகள் பூங்காவுக்கு இழுத்துப் போனாள். சீசா பலகையில் ஒரு பக்கம் அவள், எதிரே இவர். இவர் ஐம்பத்தைந்து கிலோ, குழந்தை பதினாலு. உட்கார்ந்தார்.

மேலே போனது இவர்.

கீழே குழந்தை காலைக்கூட அசைக்காமல் இருந்தாள். "அப்பா, என் பின்னாடி யாரு மிட்டாய் சாப்பிடறா?"

டங்.

இருட்டிய பிறகும் அவர் இறங்கவில்லையாம்... இரண்டாவது தட்டு இன்னும் கேட்கவில்லை என்று.