ஆடிட் நாளில் மட்டும் திறந்த அறை

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அரங்கசாமி ஐயா அவர்களே, வெள்ளகோவில் முதல் உடுமலைப்பேட்டை வரை ஊருக்கெல்லாம் வேலை கொடுக்கும் பெரியோர்களே, பெற்ற பிள்ளையை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

நோக்கத்தோடு நடக்கும் நிறுவனம் என்று எங்கள் பனியன் கம்பெனிக்கு இன்று விருது. நடுவர்களை நெகிழவைத்தது எங்கள் குழந்தைகள் காப்பகமாம். மஞ்சள் சுவர், மரக்குதிரை, மடியில் தவழும் மழலைகள். அந்த மழலைகள் எங்கிருந்து வந்தார்கள்? எங்கள் தொழிலாளர்களின் பிள்ளைகள்தான்; நடுவர்கள் ஆடிட்டுக்கு வரும் நாளுக்காக வரவழைக்கப்பட்டார்கள். மற்ற நாளெல்லாம் அந்த அறைக்குப் பூட்டு. பூட்டச் சொன்னது யார்? முதலாளியாகிய நான்.

எங்கள் தையல் பிரிவில் ரம்லா என்றொரு பெண். ஆடிட் நாளில் மூன்று வயது மகள் ஹுமேராவை அழைத்துவந்தவர், மறுநாளும் அவளோடு கம்பெனி கேட்டுக்கு வந்துவிட்டார். காவலாளி பங்காரு தடுத்தார்: "இன்னிக்கு ஆடிட் இல்லீங்க அம்மணி. புள்ளைய ஊட்ல உட்டுப்போட்டு வாங்க."

ரம்லா நேரே என் அறைக்கு வந்தார். "அடுத்த ஆடிட் எப்பங்க மேடம்? தேதி தெரிஞ்சா புள்ளகிட்டச் சொல்லிப்போடுவேன்."

குத்திக்காட்டவில்லை. கோபப்படவில்லை. தேதி கேட்டார். அந்தப் பிள்ளை பகலெல்லாம் இருப்பது வெளியிலிருந்து பூட்டிய வீட்டுக்குள்.

முன்வரிசைல முணுமுணுக்கறீங்களே, என்னங்க சென்னகிருஷ்ணன் அண்ணா? எல்லாக் கம்பெனிலயும் நடக்கறதுதானுங்களா? ஆமாங்கண்ணா. அதனாலதானுங்க மேடைல சொல்றேன். ஊட்ல சொல்லியிருந்தா காபி குடிச்சுப்போட்டு மறந்திருப்போமுங்க.

லாபம் பாவமா? யார் சொன்னது? லாபத்துக்குக் கருணை வேடம் கட்டிக் கைதட்டல் வாங்குகிறோமே, அது பாவம். நோக்கம் என்று சுவரில் எழுதினோம். அறிக்கையில் எழுதினோம். அட்டைப்பெட்டியிலும் அச்சடித்தோம். ஓர் ஆயாவுக்குச் சம்பளம் கொடுத்தோமா?

போன திங்கட்கிழமை அந்த அறையைத் திறந்தேன். ஆயா வந்தார். பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். ஹுமேரா வரவில்லை. நானே போய் ரம்லாவை அழைத்தேன். ஓடும் ஊசியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்: "எத்தன நாளைக்குங்க மேடம்? மறுக்காப் பூட்டுனீங்கன்னா அழுவறது எம் புள்ளதானுங்க."

இருபது வருடம் கம்பெனி நடத்தியவள் நான். அந்தத் தாயிடம் என் வார்த்தை செல்லாது. அவர் நம்பி மகளை அழைத்துவரும் வரை இந்த விருதைத் தொட எனக்குத் தகுதியில்லை. மேசையிலேயே இருக்கட்டுமுங்க ஐயா.

கசந்தாலும் எழுந்து போகாமல் கேட்டீர்கள். நன்றி, வணக்கம்.