தழை போட்ட வழி

மலையேற வருகிறவர்கள் பூட்ஸை ஒரு சைஸ் பெரிதாக வாங்க வேண்டும் சார். இறங்கும்போது விரல் முன்னால் போய் இடிக்கும். கள்ளக்குறிச்சியில் இதைச் சொல்லி விற்கிறவன் நான் ஒருத்தன்தான். ரவூப் பாய் கடை என்றால் பஸ் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

கல்வராயன் மலையில் நடக்க ஆசைப்பட்டவர்களை ஒன்பது வருடமாக நான்தான் சேர்த்து அனுப்பினேன். வழிகாட்ட வெள்ளிமலைச் சடையன். போன வருடம் முதல் எல்லோரும் நேராக அவனுக்கே போன் போட்டார்கள். கேட்டேன்.

"நானா கூப்டல பாய், அவங்களா கூப்புட்றாங்க. நா இன்னா பண்ணட்டும்?"

பொய்யில்லை. அதுதான் கசந்தது.

அவனுக்கு ஒரு பழக்கம். முன்னால் நடந்துகொண்டே, வழி பிரிகிற இடங்களில், போகக்கூடாத வழிக்குக் குறுக்கே பச்சைத் தழையை ஒடித்துப் போடுவான். பின்தங்கியவர்கள் பார்த்து மற்ற வழியில் வருவார்கள். மலையில் அதை யாரும் மீறுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். எனக்குப் பின்னால் மலர்விழி டீச்சர் மட்டும், அவருக்கு முழங்கால் வலி. ஒரு பிரிவில் தழையை எடுத்து நல்ல வழியின் குறுக்கே போட்டேன். டீச்சர் ஒரு மணி நேரம் அலைவார், சடையன் பேர் கெடும், கூட்டம் என்னிடமே திரும்பும். அதற்கு மேல் நினைக்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்கும் அவர் வரவில்லை. மற்றவர்களை ஓடைப் பக்கம் தேடச் சொல்லிவிட்டு, பிரிவு வழியை நானே பார்ப்பதாக முந்திக்கொண்டேன். உள்ளே பாறைச் சரிவில், கால் முறிந்து கிடந்தார். விசில் ஊதிக்கொண்டிருந்தார். நான் விற்ற விசில். நல்ல சரக்கு.

"வந்துட்டீங்களா பாய்," என்று சிரித்தார். "நீங்க தழைய மாத்திப் போட்டத வளைவுலேர்ந்து பாத்தேன். சடையன் தப்பா போட்டுட்டாரு, நீங்க சரி பண்றீங்கன்னு நெனச்சிக்கினேன்."

சந்தேகமே இல்லாமல் சொன்னார். ஆனால் இதையே சடையனிடமும் சொல்வார், அவனுக்கு விளங்கிவிடும்.

ஊதி ஊதித் தெம்பு போய்விடும், ஆள் கூட்டிவருகிறேன் என்று விசிலைக் கேட்டேன். கழற்றிக் கொடுத்து, சீக்கிரம் வரச் சொன்னார்.

பிரிவுக்கு வந்து, தழையை எடுத்து அந்த வழிக்கே குறுக்கே போட்டேன். கடைசிவரை பார்த்தாயிற்று, யாருமில்லை என்றேன். இரண்டு நாள் தேடினார்கள். மழை வேறு. தழையைப் பார்த்த ஒவ்வொருவனும் அடுத்த வழிக்குத் திரும்பினான். நானும் கூடவே நடந்தேன். எல்லோருக்கும் கடையிலிருந்து ரெயின்கோட் கொடுத்தேன். மூன்றாம் நாள் தேனெடுக்கப் போனவன்தான் பிணத்தைப் பார்த்தான். முந்தின மாலைவரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

என் கடையில் நீங்கள் எடுத்த விசில் அவருடையதுதான். நீங்கள் பிடித்து வைத்திருக்கிற சடையனை வெளியே விடலாம்; இனி அவனை யாரும் கூப்பிடப்போவதில்லை.

ஒன்றை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள் சார். நான் இரக்கமில்லாதவன் இல்லை. தண்ணீர் பாட்டிலை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்து, மூடியைக்கூட நானே திறந்து கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.