செங் வாட்டின் சிவப்புப் பட்டை

காலை ஏழு மணிக்கு மேல் போனால் தைப்பிங் ஏரிப் பூங்காவில் உடற்பயிற்சிக் கம்பி கிடைக்காது, இன்ஸ்பெக்டர். ஓய்வுபெற்றவர்கள் எல்லாரும் அதில்தான் தொங்குவார்கள். கொஞ்சம் நடந்துகொண்டே சொல்கிறேன். மூன்று நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

அங்கே என்னை 'சேகு' என்பார்கள். வாத்தியார் என்று அர்த்தம். முப்பது வருடம் நில அலுவலகத்தில் முத்திரை குத்தியவன் நான். ஆனால் கழுத்தில் ஒரு விசில் தொங்கினால் ஊர் வேறெதுவும் விசாரிப்பதில்லை.

கம்பிக்கு மேல் தாடை வரும்வரை உடம்பைத் தூக்க முடியாதவர்களுக்கு ரப்பர் பட்டை கொடுப்பேன். கம்பியில் மாட்டி, கீழ் வளையத்தில் முழங்காலை வைத்தால் அது பாரத்தில் பாதியை ஏந்திக்கொள்ளும். முதலில் தடித்த கறுப்பு, பிறகு ஊதா, பச்சை, கடைசியில் விரலகலச் சிவப்பு. அப்புறம் வெறும் கை. வெறும் கைவரை யாரும் போனதில்லை. அதனால் பூங்காவில் அமைதி நிலவியது.

யோ செங் வாட், வயது அறுபத்தொன்று, பழைய தபால் லாரி ஓட்டுநர். எட்டே மாதத்தில் சிவப்புக்கு வந்துவிட்டார். இவ்வளவு அவசரம் உடம்புக்கு ஆகாது என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தார். பக்கத்தில் நின்ற கமாருடினுக்கு வாய் சும்மா இருக்காது.

"செங் வாட் ஏறிட்டா அடுத்தது நீங்கதான் சேகு. பத்து வருசமா வாயாலயே ஏறிக்கிட்டிருக்கீங்க."

எனக்குத் தோளில் ஜவ்வு கிழிந்திருக்கிறது. எந்தத் தோள் என்பது அவ்வப்போது மாறும். கறுப்புப் பட்டை போட்டாலும் என்னால் ஒரு தடவைகூட ஏற முடியாது. இதை உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன். செங் வாட் கிண்டல் செய்யவில்லை. அதுதான் கஷ்டம்.

"அடுத்த மாசம் முதல் ஞாயிறு, பட்டை இல்லாம ஏறப் போறேன் சேகு. முன்னாடி நீங்க ஒண்ணு போட்டுக் காட்டணும். அப்பத்தான் எனக்குத் தைரியம் வரும்."

எங்கள் ஆட்கள் தைலம் தேய்க்காமல் கம்பியைத் தொட மாட்டார்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் இற்றுவிடும் என்பதால், துடைத்துவிட்டுத்தான் பட்டையில் காலை வைக்க வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். வீட்டில் பழைய பட்டைத் துண்டு ஒன்றைத் தைலத்தில் ஊறப்போட்டுப் பார்த்தேன். இற்றுப்போக ஒன்பது நாள் ஆனது. பிறகு செங் வாட்டுக்கு ஒரு பெரிய புட்டி ஜாதிக்காய்த் தைலம் வாங்கிக் கொடுத்தேன். முழங்காலில் நன்றாகத் தேய்க்கச் சொன்னேன். உங்களுக்கு மட்டும் துடைக்க வேண்டாம், ஊறட்டும் என்றேன். தினமும் நன்றி சொன்னார்.

பட்டைகளை நாள்தோறும் இழுத்துப் பார்ப்பது என் வேலை. வியாழக்கிழமையும் பார்த்தேன். சிவப்பில் மயிரிழையாய் நாலைந்து வெடிப்பு. "நல்லாயிருக்கு, ஏறுங்க" என்றேன். தாடை கம்பிக்கு மேல் வந்த நேரத்தில் அறுந்து கண்ணில் அடித்தது. இரண்டு கையையும் முகத்துக்குக் கொண்டுபோனார். கீழே சிமெண்டுத் தரை, பின்மண்டை.

நேற்று உங்கள் ஆள் விபத்து அறிக்கை எழுதிக் கையெழுத்துக் கேட்டார். 'பயிற்சியாளரின் கவனக்குறைவு' என்று போட்டிருந்தது. அதனால்தான் வந்தேன். கொலை என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. கவனக்குறைவு என்று மட்டும் எழுதாதீர்கள். பூங்காவில் எனக்கென்று ஒரு பெயர் இருக்கிறது.